மாவு பொங்கியதா, சோடா பொங்கியதா?

ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் இட்லிக்கு மாவு அரைப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு. கோயம்புத்தூரில் ராத்திரி கரைத்து வைத்த மாவு விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இங்கே அதே அரிசி, அதே உளுந்து, அதே கைப்பக்குவம். காலையில் திறந்து பார்த்தால் கரைத்த மட்டத்திலேயே அசையாமல் கிடக்கும். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில் இருக்கிற ஊர். அந்த மாதங்களில் பின்னிரவு வெப்பம் பல நாள் 5 டிகிரிக்குக் கீழே போகும். புல்வெளியில் உறைபனி விழும். மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். குளிரில் அவை சாவதில்லை; வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றன.

இதே குளிரில்தான் நீலகிரியின் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயாராகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடக்கூடாது என்று மத்திய அரசு 2008-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் அது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர், அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. கொழுந்து பறித்துக் கூலி வாங்குகிற வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல.

தேர்வில் இரண்டு பகுதி. படிப்பறிவுப் பகுதியில் 90 கேள்வி: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. பாடப்புத்தகத்தைப் படித்தால் எழுதிவிடலாம். மற்றது மனத்திறன் பகுதி. அதிலும் 90 கேள்வி, 90 நிமிடம். எண் தொடரில் அடுத்து என்ன வரும், நான்கில் எது சேராதது, இந்த உருவம் கண்ணாடியில் எப்படித் தெரியும், பெரிய படத்துக்குள் சின்னப் படம் எங்கே ஒளிந்திருக்கிறது, ஒரு சொல்லுக்கு இந்தக் குறியீடு என்றால் இன்னொரு சொல்லுக்கு எது... எந்தப் பாடத்திலும் நேரடியாக வராத கேள்விகள். படித்து வருவதை விட்டு, தலைக்குள் இருப்பதை அளக்கிற பகுதி என்பது அதற்கு இருக்கிற பேர்.

அப்படியென்றால் அதற்குப் போய் ஸ்பெஷல் கிளாஸ் எதற்கு? பெற்றோர் இதை இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். ஒரு சாரார், “சார், இதுக்கெல்லாம் பயிற்சி குடுத்தா மார்க் ஏறுமா?” என்கிறார்கள். இன்னொரு சாரார், “அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி குடுத்துத்தானே மார்க் வந்துச்சு, நெஜமாவே மூளை இருக்கா?” என்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் எளிது: ஏறும். நூறு ஆண்டாகத் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு அடுக்களைக்குள் போக வேண்டும்.

பாத்திரத்தின் உள்ளே

மனத்திறனை எவரும் நேரில் கண்டதில்லை. மாவுக்குள் நடக்கிற புளிப்பும் அப்படித்தான். நாம் பார்ப்பது பாத்திரத்தில் மாவு ஏறி நிற்கிற உயரத்தை மட்டும். உயரம் பொய் சொல்வதில்லை; நன்றாகப் பொங்கிய மாவு பெரும்பாலும் நன்றாகப் புளித்த மாவுதான். ஆனால் அந்த உயரத்துக்குள் உளுந்தின் தரம் மட்டுமா இருக்கிறது? அறையின் சூடு இருக்கிறது. எத்தனை மணி நேரம் விட்டோம் என்பது இருக்கிறது. பாத்திரத்தின் வாய் அகலமா குறுகலா என்பதுகூட இருக்கிறது. யாராவது ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டிருந்தால் அதுவும் இருக்கிறது. வெளியே கோடு போட்டு அளப்பவருக்கு இவை அத்தனையும் ஒரே எண்ணாகத்தான் கிடைக்கும்.

முதன்முதலில் இப்படிக் கோடு போட்டவர்கள் பாரிஸின் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும், ஆண்டு 1905. வகுப்போடு ஒத்துப் போக முடியாமல் தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான் அந்த அளவுகோல். அறிவுத்திறன் பிறவியில் வந்த அளவு, கூடாது குறையாது என்ற பேச்சைப் பினே ஏற்கவில்லை. கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளை வகுப்பில் நடத்த வேண்டும் என்று 1909-இல் வெளிவந்த நூலில் வாதாடினார். அளவுகோல் மட்டும் கடல் தாண்டிப் போயிற்று. அந்த வாதம் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

அதே 1905-இல் ஒரு கட்டுரையும் வந்தது. அதன் களம் நம் மலைதான். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கினார். அவர்களின் சடங்குகளையும் உறவுமுறைகளையும் பற்றி அவர் எழுதி 1906-இல் வந்த நூலைப் பலர் அறிவார்கள். அவர் இங்கே கண், காது, தொடுவுணர்வு ஆகியவற்றை அளக்கும் சோதனைகளையும் நடத்தி அந்தக் கட்டுரையில் எழுதினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உளவியல் சோதனை என்ற சங்கதி இந்த மலைக்கு அப்போதே வந்துவிட்டது.

அவற்றில் ஒன்று இரண்டு கோடுகளின் சோதனை. இரண்டும் ஒரே நீளம். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடிந்திருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். ரிவர்ஸ் கணக்குப்படி இதில் ஆங்கிலேயர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. ஆனால் நிற்கும் கோட்டையும் படுத்த கோட்டையும் ஒப்பிடச் சொன்ன இன்னொரு சோதனையில் தோடர்கள் அதிகம் ஏமாந்தார்கள். யார் புத்திசாலி? இரண்டிலும் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1966-இல் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல நாட்டு மக்களிடம் இத்தகைய சோதனைகளை நடத்திவிட்டு ஒரு விளக்கம் சொன்னார்கள்: சதுர அறை, நேர்க்கோட்டு மூலை, தாளில் வரைந்த படம் ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்த கண் ஒரு மாதிரிப் பழகிவிடுகிறது; திறந்த வெளியிலும் வளைந்த கூரைக்குக் கீழும் வளர்ந்த கண் வேறு மாதிரி. அந்த விளக்கம் முழுச்சரியா என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் எண்ணுக்குள் பழக்கம் ஒளிந்திருக்கிறது என்ற வரைக்கும் சண்டை இல்லை.

அடுப்போரம் வைத்தல்

பொங்காத மாவுக்கு மலை வீடுகளில் என்ன செய்வார்கள்? பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, சமைத்து முடித்த விறகடுப்பின் ஓரத்தில் வைப்பார்கள். மாவில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. குளிர் விலகுகிறது, உள்ளே இருப்பது வேலையைத் தொடங்குகிறது.

மனத்திறன் தாளை ஒரு பிள்ளை முதன்முறை பார்ப்பதற்கும் இரண்டாம் முறை பார்ப்பதற்கும் நடுவில் நடப்பது பெரும்பாலும் இதுதான். முதன்முறை உட்காரும்போது பாதி நேரம் கேள்விக்குப் போவதில்லை, ஓ.எம்.ஆர். தாளுக்குப் போகிறது. எந்த வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், கேள்வி எண்ணும் வட்டத்தின் எண்ணும் சேர்ந்து போகிறதா என்ற பதற்றம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்ற கணக்கு கையில் ஏறியிருக்காது; மூன்றாவது கேள்வியில் ஏழு நிமிடம் மல்லுக்கட்டி உட்கார்ந்திருக்கும். “அ-வுக்கு ஆ எப்படியோ, இ-க்கு எது அப்படி” என்ற அமைப்பே புரியாது. விடை தெரியாமல் போவது வேறு, கேள்வி புரியாமல் போவது வேறு.

ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை. கடைசியில் நேரம் போதாமல் 20 கேள்வியை வெற்றாக விட்டு வருகிற பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கியிருந்தாலே சராசரியாக 5 மதிப்பெண் வந்திருக்கும். “எதையும் வெற்றாக விடாதே” என்று ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்ததற்கு 5 மதிப்பெண்! இதில் அந்தப் பிள்ளையின் சிந்தனை கடுகளவும் மாறவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாக்கியம் ஏற்கனவே தெரியும்.

இந்தச் சூட்டுக்கு எவ்வளவு ஏறும்? அமெரிக்காவில் குலிக் தம்பதியும் பாங்கெர்ட்டும் 1984-இல் நாற்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அதே தாளை மறுபடி எழுதினால், ஐ.க்யூ. அளவுகோலில் சொல்வதென்றால், ஏறக்குறைய 6 புள்ளி ஏறுகிறது. அதே மாதிரியான வேறு தாள் என்றால் மூன்று, மூன்றரைப் புள்ளி. 2007-இல் ஹவ்ஸ்க்னெக்ட் குழு ஐம்பது ஆய்வுகள், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று இன்னும் பெரிதாகக் கூட்டிப் பார்த்தது. மறுமுறை எழுதுவதால் சராசரி ஏற்றம் சுமார் 4 புள்ளி. கூடவே பயிற்சியும் இருந்தால் ஏற்றம் அதிகம். 2018-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு தொகுப்பு இன்னொன்றைச் சொன்னது: மூன்றாம் முறைக்குப் பிறகு ஏற்றம் நின்றுபோகிறது. அடுப்போரம் எவ்வளவு நேரம் வைத்தாலும், குளிர் போன பிறகு சூட்டால் ஆவது ஒன்றுமில்லை.

4 புள்ளி பெரிய விஷயமா என்று தோன்றலாம். நூறு பேரில் சரியாக நடுவில் நிற்கிற பிள்ளை, இந்த ஏற்றத்தால் ஐம்பது பேருக்கு மேலே நிற்பதற்குப் பதில் அறுபது பேருக்கு மேலே நிற்கும். பரவாயில்லை ரகம். ஆனால் உதவித்தொகைத் தேர்வில் கோடு நடுவில் விழுவதில்லை, உச்சியில் விழுகிறது. முதல் இரண்டு விழுக்காட்டினருக்கு மட்டும் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூட்டத்துக்கு மொத்தமாக 4 புள்ளி ஏற்றிவிட்டால், அந்தக் கூட்டத்தில் கோட்டைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டிலிருந்து மூன்றரைக்கும் மேலே போய்விடுவார்கள். சராசரியில் சின்னதாகத் தெரிவது, உச்சியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சூட்டைப் பற்றிப் பேசும்போது மொழியை விடக்கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வேறு மொழி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் படுகர் ஊர்களான ஹட்டிகளில் படுகு. மனத்திறன் தாளின் சொல் உறவுக் கேள்விகள் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. உறவைக் கண்டுபிடிக்கும் மூளை இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளி போன்ற இடங்களில் பிள்ளையின் சொந்த மொழியிலிருந்து தொடங்குவதற்கு இவ்வளவு அக்கறை காட்டுவது சும்மா இல்லை. இங்கே வேண்டியது மூன்று மாதிரித் தேர்வு அல்ல, மூன்று ஆண்டு வாசிப்பு.

ஒரு சிட்டிகை சோடா

அவசரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. புளிக்காத மாவில் ஆப்பசோடாவைப் போட்டுக் கலக்கினால் குபுகுபுவென்று நுரை வரும். இட்லியும் உப்பும். வாயில் வைத்தால் தெரிந்துவிடும்: புளிப்பில்லை, மணமில்லை, லேசான கசப்பு. உயரம் ஏறியது, உள்ளே எதுவும் நடக்கவில்லை.

தேர்வில் சோடா எது? பழைய வினாத்தாள்களில் வந்த வகைகளைப் பட்டியல் போட்டு, வகைக்கு ஒரு குறுக்குவழி மனப்பாடம் செய்ய வைப்பது. எண் தொடரா, முதலில் வித்தியாசத்தைப் பார், இல்லையென்றால் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டு. நாள்காட்டிக் கணக்கா, இந்த எண்களைக் கூட்டி ஏழால் வகு. பகடையா, எதிர்ப்பக்கத்துக்கு இந்த விதி. பிள்ளை விதியைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த கேள்வி, விதி நினைவிருக்கிறதா என்று பார்க்கிற கேள்வியாக மாறிவிடுகிறது. வினா அதேதான். அளக்கப்படுவது வேறு.

இதை இன்னும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹேய்ஸ், பெட்ரோவ், செடெர்பெர்க். ரேவன் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. 1938-இல் ஜான் ரேவன் உருவாக்கியது. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் உருவங்கள், கடைசிக் கட்டம் காலி, கீழே விடைகள். சொல்லே இல்லாததால் பழக்கத்துக்கும் படிப்புக்கும் அசையாது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட தேர்வு. இவர்கள் ஆட்களை இரண்டு முறை எழுத வைத்து, கண் எங்கெங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். தடுமாறுகிறவர்களின் கண் கட்டத்துக்கும் விடைக்கும் நடுவே தாவிக்கொண்டே இருந்தது. தேறியவர்களின் கண் வரிசை வரிசையாக இடமிருந்து வலம் போய், விதியைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் விடைப் பக்கம் இறங்கியது. இரண்டாம் முறை யாருக்கு எவ்வளவு ஏறியது என்ற வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்தக் கண்நடையின் மாற்றமே விளக்கிவிட்டது. 2015-இல் வந்த ஆய்வு. “முதலில் வரிசையை முழுதாகப் பார், பிறகு விடையைப் பார்” என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதனால் ஏறிய மார்க்கை மூளை வளர்ச்சி என்று கணக்கில் எழுதினால் கணக்கு தப்பு.

டச்சு ஆய்வாளர் டெ நைன்ஹைஸும் கூட்டாளிகளும் 2007-இல் வேறு கோணத்தில் பார்த்தார்கள். திறன் தேர்வுகளில் சில பகுதிகள் பொதுவான சிந்தனைத் திறனோடு நெருக்கமாக ஒட்டியவை, சில ஒட்டாதவை. பயிற்சியால் மார்க் ஏறும்போது ஒட்டாத பகுதிகளில்தான் அதிகம் ஏறுகிறது. ஒட்டிய பகுதிகளில் குறைவாக ஏறுகிறது. உயரம் கூடுகிறது, புளிப்பு கூடவில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கடினம்.

சோடாவைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி உண்டு. பயிற்சி எடுத்த பிள்ளையிடம் அதே வகைக் கேள்வியை முகம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் தேயிலைச் செடியின் வரிசைகள். குறியீட்டுக்குப் பதில் பஸ் எண்களும் ஊர்களும். விதியைத் தேடத் தொடங்கினால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. “இது சிலபஸ்ல இல்லையே” என்றால் சோடா. ஆசிரியர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் வகுப்பில் எது எது என்று தெரியும். சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். பள்ளியில் எத்தனை பேர் தேர்ச்சி என்ற பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

சோடா போட முடியாத மாவு என்று எவராலும் செய்ய முடியவில்லை. நியூயார்க் நகரத்தில் நான்கு வயதுப் பிள்ளைகளைச் சிறப்பு வகுப்புக்குத் தேர்ந்தெடுக்க ஒரு திறன் தேர்வு வைத்தார்கள். பயிற்சி வகுப்புகள் முளைத்தன. 2013-இல் தேர்வின் பெரும்பகுதியைச் சொல் இல்லாத உருவக் கேள்விகளாக மாற்றினார்கள். அதற்கும் பயிற்சிப் புத்தகங்கள் கடைக்கு வந்தன. 2021-இல் அந்தத் தேர்வையே கைவிட்டார்கள். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பதினோரு வயதுத் தேர்வுக்குப் பயிற்சிக்கு மசியாத தாள் என்று ஒன்றை 2013-இல் கொண்டுவந்தார்கள். டியூஷன் குறையவில்லை. சில ஆண்டுகளில் தாளை மாற்றிக்கொண்டார்கள். கணினியில் விளையாடினால் மூளை கூர்மையாகும் என்று விற்ற லூமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. நம் ஊர் அபாகஸ் வகுப்பில் பிள்ளை மனக்கணக்கை வேகமாகச் செய்யும். அந்த வேகம் மற்றத் திறன்களுக்குப் பெரிதாகப் பரவிவிடாது.

டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் குடியிருப்புகளில் இருக்கிற முதியவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் 1968-இல் அந்தத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அங்கே விட்டு வந்த உறவுகளின் பேரப்பிள்ளைகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஐந்தாம் தரத்திலேயே புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறார்கள். அதில் ஒரு வினாத்தாள் நுண்ணறிவு. பத்து வயதுக்கான அந்தத் தாளைச் சுற்றி ஒரு டியூஷன் உலகமே எழும்பியிருக்கிறது. பிள்ளையின் பரீட்சையா, தாயின் பரீட்சையா என்று அங்கே கேலியாகக் கேட்கும் அளவுக்கு.

தட்டில் குழி எத்தனை

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இட்லித் தட்டில் குழி எண்ணி வைத்ததுதான். 6,695 என்றால் 6,695. எல்லாப் பாத்திரத்திலும் மாவு இரண்டு விரற்கடை கூடப் பொங்கினாலும் குழி கூடாது. ஒரு பாத்திரம் மட்டும் பொங்கினால், இன்னொரு பாத்திரத்தின் மாவுக்கு இடம் போகும். திறன் கூடியதா இல்லையா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், தள்ளப்பட்ட பிள்ளைக்கு 48,000 ரூபாய் போய்விட்டது.

யாருக்குப் பயிற்சி கிடைக்கிறது? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இதற்காகத் தங்கள் மாலைகளையும் சனிக்கிழமைகளையும் கொடுக்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கைக்காசில் வினாத்தாள் நகலெடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. சமவெளியில் ஆறு மணி வரை வகுப்பு வைத்துவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பந்தலூர் பக்கம் அப்படி முடியாது. சேரங்கோட்டிலும் நெல்லியாளத்திலும் இருட்டினால் வழியில் யானை நிற்கும். குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் சாலையில் காட்டுமாடு, கரடி. நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியாது. ஆசிரியருக்கு மனசு இருந்தாலும் மாலை வகுப்பு என்பது அங்கே கனவு. அடுப்பே இல்லாத வீட்டுப் பாத்திரத்தையும் அடுப்போரத்துப் பாத்திரத்தையும் ஒரே கோட்டால் அளக்கிறோம்.

இங்கிலாந்து இதே சிக்கலில் 1950-களின் தொடக்கத்திலேயே மாட்டியது. பதினோரு வயதில் எழுதும் அறிவுத்திறன் தேர்வில் பயிற்சியால் மார்க் ஏறுகிறது என்று உளவியலாளர் பிலிப் வெர்னன் வெளிப்படையாக எழுதியதும் பெரிய கூச்சல் எழுந்தது. பயிற்சியைத் தடை செய்யச் சொன்னவர்கள் இருந்தார்கள். யாரைத் தடுப்பது, எந்த வீட்டுக்குள் போய்த் தடுப்பது? சில மணி நேரப் பழக்கத்தை எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியிலேயே கொடுத்துவிடுவதுதான் வெர்னன் பக்கம் நின்றவர்கள் கண்ட வழி. மூன்றாம் முறைக்கு மேல் சூடு ஏறாது என்று பின்னாளில் தெரியவந்ததோடு இது பொருந்திப் போகிறது. எல்லாருக்கும் மூன்று முறை கொடுத்தால் குளிரால் வந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். மிஞ்சுவது மாவின் வித்தியாசமும் சோடாவின் வித்தியாசமும்.

ஆகவே என் கட்சி இது. ஏழாம் வகுப்பிலேயே, பள்ளி நேரத்துக்குள், உண்மையான ஓ.எம்.ஆர். தாளில், கடிகாரம் வைத்து, முழுநீள மாதிரித் தேர்வு மூன்று. தேர்வுக்கு விண்ணப்பிக்கிற கெட்டிக்காரப் பத்துப் பேருக்கு மட்டும் இல்லை, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும். அதற்கு மேல் வகைப் பட்டியலும் குறுக்குவழியும் மனப்பாடம் செய்ய வைக்கிற மாலை நேரத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். இதைச் சொன்னால், “பக்கத்துப் பள்ளிக்காரங்க விடமாட்டாங்களே” என்பார்கள். உண்மைதான். சோடாவை எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் நிற்கும். அது ஆசிரியர் கையில் இல்லை, வினாத்தாள் தயாரிப்பவர் கையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புதிய வகைக் கேள்வி கொஞ்சம் கலந்து, தாளிலேயே இரண்டு எடுத்துக்காட்டைத் தீர்த்துக் காட்டிவிட்டால் மனப்பாடத்துக்கு மதிப்பு குறையும்.

உளுந்தும் நேரமும்

அப்படியானால் மாவை உண்மையில் புளிக்க வைப்பது எது? நல்ல உளுந்து, போதுமான நேரம். மனத்திறன் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கிறது: பள்ளிக்கூடம்.

நார்வேயில் கட்டாயக் கல்வியை ஏழு ஆண்டிலிருந்து ஒன்பது ஆண்டாக நீட்டினார்கள். ஊருக்கு ஊர் வெவ்வேறு ஆண்டில் நடைமுறைக்கு வந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போயிற்று. ராணுவச் சேர்க்கையில் பத்தொன்பது வயது வாக்கில் எடுத்த அறிவுத்திறன் மதிப்பெண்களை வைத்து பிரிஞ்ச், காலோவே இருவரும் 2012-இல் கணக்கிட்டார்கள்: ஒரு கூடுதல் பள்ளி ஆண்டுக்கு 3.7 புள்ளி. இதைப்போன்ற ஆய்வுகளை ரிச்சியும் டக்கர்-ட்ரோபும் 2018-இல் திரட்டினார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு. ஓர் ஆண்டுப் பள்ளிக்கு ஒன்றிலிருந்து ஐந்து புள்ளி வரை. மறுமுறை எழுதியதில் ஏறிய 4 புள்ளியும் பள்ளி தந்த இந்த ஏறக்குறைய 4 புள்ளியும் தாளில் ஒரே எண்தான். ஆனால் மாதிரித் தேர்வின் ஏற்றம் மூன்றாம் முறையோடு நிற்கிறது. பள்ளியின் ஏற்றத்துக்கு வயதான பின்பும் தடம் தெரிகிறது.

இப்போது என்.எம்.எம்.எஸ்.ஸை மறுபடி பாருங்கள். மனத்திறன் உள்ள பிள்ளையைக் கண்டுபிடித்துப் பரிசு கொடுக்கிற திட்டமாக அதைப் பார்த்துத்தான் இரண்டாவது சாரார் கோபப்படுகிறார்கள்: சோடா போட்டு வாங்கிய மார்க்குக்குப் பரிசா என்று. பணம் எதற்குப் போகிறது? ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நான்கு ஆண்டு ஒரு பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பதற்கு. எட்டாம் வகுப்பில் வந்த எண் சோடாவால் வந்ததே என்றாலும், அது வாங்கித் தருகிற நான்கு ஆண்டு சோடா அல்ல. உழைக்காமல் வந்த மார்க் என்று அந்தப் பிள்ளையைக் குத்திக் காட்டுகிற பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். எனக்கு வருத்தம் தள்ளப்பட்ட பிள்ளைக்காக மட்டும்தான், வந்த பிள்ளை மேல் இல்லை.

அந்த நான்கு ஆண்டும் தானாக வந்துவிடுவதில்லை என்பதையும் வீடுகளில் சொல்லி வைக்க வேண்டும். பட்டியலில் பெயர் வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் பொதுவாக 60 விழுக்காடு இருந்தால்தான் மேல்நிலைக்கும் பணம் தொடரும்; பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு தளர்வு. எஸ்டேட் பக்கம் நெட்வொர்க் கிடைக்கிற மேட்டுக்குப் போய் இதைச் செய்து கொடுக்கிற ஒரு ஆசிரியரோ அண்ணனோ இருக்கிறாரா என்பதை, தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.